மூன்று களங்கள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் சிறப்பினால் பல நூற்றாண்டுகளாக அறியப்பட்ட இவ்வூர், இன்று தொழில் வளத்தாலும் பெயர் பெற்று விளங்குகின்றது. இவ்வூரிலிருந்து செல்லும் சாலை ஒன்று ஒரகடத்தை அடைகின்றது. ஏரிகளும் நெல் வயல்களும் மிகுந்திருந்த இவ்வட்டாரத்தில், 1998-ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு கார்த் தொழிற்சாலையும், 2012-இல் லாரிகள் செய்யும் தொழிற்சாலையும், 2013-இல் மோட்டார் சைக்கிள்கள் செய்யும் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. வண்டிக்கு வேண்டிய டயரும் கண்ணாடியும் பிற உறுப்புகளும் செய்யும் ஆலைகள் பல இவற்றைச் சூழ்ந்து எழுந்தன.

கதிரவன் எழுமுன்னரே இச்சாலைகளில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் வரிசையாக ஓடுகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் இளைஞர். நேற்று வரை பள்ளித் திடலிலும் கல்லூரித் திடலிலும் ஓடியாடியவர்கள். கையும் காலும் உரத்துடன் இருக்கும்வரை உழைப்பு அவர்களுக்கு எளிதாகத் தோன்றும். ஆயின், சாலை விபத்தினாலோ நோயினாலோ ஒரு நாள் கால்கள் இயங்காமற் போனால் என் செய்வது? அத்துடன் வாழ்க்கை முடிந்ததாகுமோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் ஒருவர் உளர். முரளிகாந்த் பேட்கர் என்பது அவர் பெயர். அவர் இவ்வட்டாரத்தில் பிறந்தவர் அல்லர், மராட்டிய மாநிலத்தவர். எனினும், வண்டிகளைப் பழுது பார்க்கும் படைப்பிரிவில் வீரராகவும், பின்னர் வண்டிகளைச் செய்யும் தொழில் நிறுவனத்தில் ஊழியராகவும் விளங்கியவர். ஆதலின், வண்டித் தொழிலால் வாழும் ஒரகடம் வட்டாரத்தார்க்கு அவர் வாழ்க்கை அயலானது அன்று.

பேட்கர் 1944-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், சாங்கிலி மாவட்டத்தைச் சேர்ந்த பேட் இஸ்லாம்பூர்ப் பகுதியில் பிறந்தார். சாங்கிலி, சாதாரா, கோலாப்பூர் ஆகிய மாவட்டங்கள் மற்போருக்குப் பெயர் போனவை. செம்மண் பரப்பிய பயிற்சிக் கூடங்களில் சிறுவர்கள் வைகறையிலேயே கூடித் தண்டால் எடுத்தும் மல்லாடியும் உடலை உரப்படுத்துவர். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில் மற்போரில் வெண்கலப் பதக்கம் வென்று, விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் தனி வீரர் பெற்ற முதற் பதக்கத்தைத் தேடித் தந்த கே. டி. ஜாதவ் இப்பகுதியினரே ஆவர். இத்தகைய மண்ணில் வளர்ந்த சிறுவன் முரளிகாந்தும் இளமையிலேயே மற்போரில் நாட்டங் கொண்டான். ஆடுகளமே அவன் வாழ்வின் முதற்களம் ஆயிற்று.

மற்போர் கற்பிக்கும் பாடங்கள் பல. வலிமை மட்டும் இருந்தாற் போதாது. மூச்சைக் காக்க வேண்டும். எதிரியின் அசைவை நோக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கீழே விழுந்தவன் உடனே புரண்டெழக் கற்க வேண்டும். முதுகு மண்ணில் படிந்தால் மல்லனுக்குத் தோல்வி. இப்பாடம் பிற்காலத்தில் தமக்கு எவ்வாறு பயன்படப் போகின்றது என்பதை அச்சிறுவன் அறிந்திருக்க மாட்டான்.

இளைஞரான பேட்கர் இந்தியத் தரைப்படையில் சேர்ந்தார். மின்னியல் இயந்திரவியல் பொறியாளர் படை என்னும் பிரிவில் அவருக்கு இடம் கிடைத்தது. இப்பிரிவின் பணி யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஒரு படை போருக்குச் செல்லுங்கால் துப்பாக்கி ஏந்திய வீரர் மட்டும் செல்வதில்லை. லாரிகள், டாங்கிகள், பீரங்கிகள், தொலைத்தொடர்புக் கருவிகள் யாவும் உடன் செல்கின்றன. கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டிகள் பழுதுறுதல் இயல்பு. பழுதுற்ற வண்டியை அங்கேயே கைவிட்டுச் சென்றால் படையின் வலிமை நாள்தோறும் குறையும். ஆகவே, அதனை இழுத்து வந்து, கெட்ட உறுப்பை நீக்கி, நல்ல உறுப்பைப் பொருத்தி, மீண்டும் களத்திற்கு அனுப்பும் கடமை இப்பிரிவினருடையது. தொழிலே அறம் என்னும் கருத்துடைய வாசகத்தை இப்பிரிவு தன் குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

இப்பிரிவின் பயிற்சி நிலையம் அமைந்திருந்த செகந்தராபாத்தில் பேட்கர் குத்துச் சண்டை பயின்றார். மற்போரில் உரமேறிய தோள்கள் அதற்குப் பெரிதும் உதவின. காலையில் உடற்பயிற்சி, பகலில் பணிமனை, மாலையில் குத்துச் சண்டை என அவர் நாட்கள் கழிந்தன. படையின் ஆடுகளங்களில் அவர் சிறந்த வீரராக மதிக்கப் பெற்றார். இவ்வாறிருக்கையில் போர் மூண்டது.

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இந்தியாவிற்கும் பாகிஸ்தானுக்கும் இடையே கடும்போர் நிகழ்ந்தது. இரண்டாம் களமாகிய போர்க்களத்தில் நின்றார் பேட்கர். பகைவர் சுட்ட குண்டுகள் பல அவர் உடலில் பாய்ந்தன. உயிர் தப்பியது அரிதாயிற்று. ஆனால் முதுகுத் தண்டில் உற்ற ஊறு அவரை முடக்கிவிட்டது. அப்போது அவர்க்கு இருபத்தொரு வயதும் நிரம்பவில்லை.

முதுகெலும்பின் நடுவே கயிறு போல ஓடுவது தண்டுவடம். மூளை இடும் கட்டளைகள் அதன் வழியே கைகால்களுக்குச் செல்கின்றன. கைகால்கள் உணரும் சூடும் குளிரும் வலியும் அதன் வழியே மூளையை அடைகின்றன. தொலைபேசிக் கம்பி அறுந்தால் இருபுறத்துக் கருவிகளும் பழுதின்றி இருந்தும் பேச்சு நின்றுவிடுவது போல, தண்டுவடம் சிதைந்தால் கால்கள் நலமாக இருந்தும் இயங்கா. முறிந்த எலும்பு நாளடைவில் கூடும். கிழிந்த தோல் ஆறும். சிதைந்த தண்டுவடமோ பெரும்பாலும் பழைய நிலையை அடைவதில்லை. பேட்கரின் இடுப்பிற்குக் கீழே உள்ள பகுதி செயலிழந்தது. மல்லாடி, குத்துச் சண்டையிட்டு, ஓடித் திரிந்த உடல் படுக்கையிற் கிடந்தது.

பம்பாயில் உள்ள கடற்படை மருத்துவமனையாகிய அசுவினியில் அவர்க்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. உடல் தேறுவதற்கு நீச்சற் பயிற்சி நன்மை தரும் என்று அங்கே முடிவு செய்யப்பட்டது. நடக்க இயலாதவரை நீந்தச் சொல்லுதல் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குத் தக்க காரணம் உண்டு. நீரில் மூழ்கிய பொருளை நீர் மேல் நோக்கித் தாங்குகின்றது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட உண்மை. கழுத்தளவு நீரில் நிற்கும் ஒருவர்க்குத் தம் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே எடையாகத் தோன்றும். தரையில் சுமையாக இருந்த உடல் நீரில் இலேசாகிறது. கால்கள் தாங்க வேண்டிய பாரத்தை நீர் தாங்குகின்றது. மேலும், கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் முறையில் உடலை முன்னே செலுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி தோள்களிலிருந்தும் கைகளிலிருந்துமே பிறக்கின்றது. பேட்கரின் தோள்களோ மல்லனுடைய தோள்கள்!

இருப்பினும் அது எளிய செயல் அன்று. இயங்காத கால்கள் நீரில் தாழ்ந்து உடலைப் பின்னுக்கு இழுக்கும். காலால் உதைத்து உடலைச் சமன் செய்ய இயலாது. அக்குறையையும் கைகளும் மார்பும் ஈடு செய்தல் வேண்டும். ஒரு முழம் முன்னே செல்லப் பிறர் செலவிடும் ஆற்றலைவிட மிகுதியாகச் செலவிட வேண்டும். நாள்தோறும் இடைவிடாது பயின்றாலன்றி இது கைகூடாது. இளமையில் வைகறைதோறும் எழுந்து பயின்ற பழக்கமும், படையில் கற்ற ஒழுங்கும் இங்கே பேட்கருக்குத் துணை நின்றன. கால்களைப் போர் பறித்துக் கொண்டது. அப்பழக்கத்தை அதனால் பறிக்க இயலவில்லை.

அக்காலத்தில் உலகின் மற்றொரு பகுதியிலும் இத்தகைய முயற்சி வளர்ந்து வந்தது. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்திற்கு அடைக்கலமாக வந்த லுத்விக் குட்மன் என்னும் மருத்துவர், ஸ்டோக் மாண்டவில் என்னும் ஊரின் மருத்துவமனையில், இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். அதற்கு முன்னர், அத்தகையோர் படுக்கைப் புண்ணாலும் நோய்த் தொற்றாலும் விரைவில் இறந்துபடுவர் என்பதே மருத்துவ உலகின் எண்ணமாக இருந்தது. குட்மன் அதனை ஏற்கவில்லை. அவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, சக்கர நாற்காலியில் அமர்த்தி, விளையாட்டுகளில் ஈடுபடுத்தினார். இலண்டன் ஒலிம்பிக் போட்டி தொடங்கிய அதே நாளில், 1948-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள், மருத்துவமனைப் புல்வெளியில் பதினாறு பேர் பங்கு கொண்ட விற்போட்டி ஒன்றை நடத்தினார். சிறு விதையாக அன்று ஊன்றப்பட்ட அம்முயற்சி, 1960-இல் ரோம் நகரில் உலகப் போட்டியாக வளர்ந்தது. இன்று பாராலிம்பிக் போட்டி என்று வழங்குவது அதுவேயாகும். உடற்குறையின் தன்மைக்கும் அளவிற்கும் ஏற்பப் போட்டியாளரை வகைப்படுத்தி, ஒத்த நிலையினரை ஒருவரோடு ஒருவர் போட்டியிடச் செய்வது இதன் முறை.

1968-ஆம் ஆண்டு டெல் அவிவ் நகரில் நடந்த போட்டியில் இந்தியா முதன்முதலாகப் பங்கு பெற்றது. பேட்கர் அங்கே மேசைப் பந்தாட்டத்தில் ஆடி முதற்சுற்றில் வென்றார், பதக்கம் கிடைக்கவில்லை. 1970-இல் எடின்பரோ நகரில் காமன்வெல்த் நாடுகளின் மாற்றுத் திறனாளர்க்கு நடந்த போட்டியில், 50 மீட்டர் நீச்சலில் தங்கமும், ஈட்டி எறிதலில் வெள்ளியும், குண்டு எறிதலில் வெண்கலமும் பெற்றார்.

1972-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டி ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடைபெற்றது. மாற்றுத் திறனாளர்க்கான போட்டி அதே நாட்டின் ஹைடல்பெர்க் நகரில் நிகழ்ந்தது. ஆடவர்க்கான 50 மீட்டர் நீச்சலில், தம் வகையினருள் பேட்கர் நீரில் இறங்கினார். 37.33 வினாடிகளில் எல்லையைத் தொட்டார். அஃதாவது, கால்களின் துணை சிறிதுமின்றி, ஒரு வினாடிக்கு ஒன்றே கால் மீட்டருக்கு மேற்பட்ட தொலைவை அவர் கைகளாலேயே கடந்தார். அது அக்காலத்து உலகச் சாதனை. தங்கப் பதக்கம் அவர்க்கு உரியதாயிற்று. பாராலிம்பிக் போட்டியில் இந்தியா பெற்ற முதல் தங்கப் பதக்கம் அதுவே. அதே போட்டிகளில் ஈட்டி எறிதலிலும், சக்கர நாற்காலியைத் தடைகளினூடே வளைத்துச் செலுத்தும் பந்தயத்திலும் அவர் இறுதிச் சுற்று வரை முன்னேறினார். பாராலிம்பிக்கில் இந்தியாவிற்கு அடுத்த தங்கம் கிடைக்க 2004-ஆம் ஆண்டு வரையிலும், ஒலிம்பிக்கில் தனி வீரர் ஒருவர் தங்கம் பெற 2008-ஆம் ஆண்டு வரையிலும் நாடு காத்திருந்தது என்பதை எண்ணினால் இவ்வெற்றியின் அருமை விளங்கும்.

எனினும், பதக்கம் கழுத்தை அணி செய்யுமேயன்றி அடுப்பை எரிக்க மாட்டாது. விளையாட்டில் வென்றவர்க்கும் நாள்தோறும் உணவு வேண்டும். தம் காலில் நிற்கும் வாழ்வு வேண்டும். இங்கேதான் பேட்கரின் மூன்றாம் களம் தொடங்குகின்றது. புகழ் பெற்ற கிரிக்கெட் வீரரும், பம்பாயின் நெசவாலைத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தினருமாகிய விஜய் மெர்ச்சன்ட், உடற்குறை உடையோரின் மறுவாழ்விற்குப் பாடுபட்டு வந்தார். பேட்கர் வெளிநாட்டுப் போட்டிகளில் பங்கு கொள்ளத் துணை நின்றவர்களுள் அவரும் ஒருவர். வாழ்க்கைக்கு வழியாகப் புனே நகரில் டெல்கோ என்னும் தொழில் நிறுவனத்தில் பேட்கருக்குப் பணி கிடைத்தது. லாரிகள் செய்வதில் பெயர் பெற்ற அந்நிறுவனமே 2003-இல் டாட்டா மோட்டார்ஸ் என்று பெயர் பெற்றது. படையில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவர், வண்டிகள் பிறக்கும் இடத்திலேயே ஊழியராக அமர்ந்தார்.

தொழிற்சாலை வேலை என்றாலே பளு தூக்குதல் என்று எண்ணுவோர் உளர். ஒரகடத்திலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரு கார் உருவாகும் முறையை நோக்கினால் இவ்வெண்ணம் மாறும். ஒரு காரை ஒருவரே செய்வதில்லை. தகட்டை அழுத்தி வளைப்போர், பற்றவைப்பைக் கண்காணிப்போர், வண்ணம் பூசுவோர், மின்கம்பிகளைக் கோப்போர், உறுப்புகளை அளந்து சரிபார்ப்போர், கணினியில் கணக்கு வைப்போர், கிடங்கைப் பேணுவோர் எனப் பணி நூறு கூறாகப் பகுக்கப்படுகின்றது. இவற்றுள் நின்றும் நடந்தும் செய்வன சில. அமர்ந்த நிலையில் கண்ணாலும் கையாலும் கருத்தாலும் செய்வன சில. ஒருவரிடம் இல்லாததை மட்டும் நோக்குபவர்க்கு அவர் பயனற்றவராகத் தோன்றுவார். உள்ளதை நோக்குபவர்க்கு அவர்க்கேற்ற பணி புலப்படும். மேசையின் உயரத்தைச் சிறிது குறைத்தல், படிக்கட்டின் அருகே சாய்தளம் அமைத்தல், சக்கர நாற்காலி நுழையுமாறு கதவை அகலமாக வைத்தல் முதலிய சிறு மாற்றங்களால் ஒரு குடும்பத்தின் வாழ்வே மாறிவிடும்.

இந்திய நாட்டுச் சட்டமும் இதனை ஏற்றுள்ளது. 2016-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டம், அரசுப் பணிகளில் நூற்றுக்கு நான்கு இடங்களுக்குக் குறையாமல் அவர்களுக்கு ஒதுக்குமாறு பணிக்கின்றது. தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்பு பற்றிய தம் கொள்கையை வகுத்து வெளியிட வேண்டும் என்று கூறுகின்றது. ஆயினும், சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே வருபவரை வரவேற்பது மனிதர் கடமையாகும்.

பேட்கரின் வெற்றியை நாடு நெடுங்காலம் உணராதிருந்தது. அவர் பெயரை அறிந்த மாணவர் மிகச் சிலரே. ஹைடல்பெர்க் வெற்றிக்கு 46 ஆண்டுகள் கழித்து, 2018-இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிப் போற்றியது. 2024-இல் அவர் வரலாற்றைத் தழுவி இந்தித் திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது.

பின்னர், 2025-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள், புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையில் விளையாட்டு விருதுகள் வழங்கும் விழா நடைபெற்றது. எண்பது வயது நிரம்பிய பேட்கருக்கு வாழ்நாள் சாதனைக்கான அர்ச்சுனா விருது அளிக்கப்பட்டது. அதே ஆண்டிற்குரிய அர்ச்சுனா விருது பெற்றோர் வரிசையில் துளசிமதி முருகேசன் என்னும் இளம்பெண்ணும் இருந்தார். இடக்கையில் குறைபாடு உடைய அவர், கால்நடை மருத்துவம் பயின்றுகொண்டே பூப்பந்தாட்டத்தில் தேர்ச்சி பெற்று, 2024-இல் பாரிசு நகரில் நடந்த பாராலிம்பிக் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். அப்பிரிவிலேயே வெண்கலம் வென்ற திருவள்ளூர் மனிஷா இராமதாசும் அவ்வரிசையில் இடம் பெற்றார். துளசிமதி பிறந்தது காஞ்சிபுரத்தில். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அடங்கிய மாவட்டத்தின் தலைநகர் அதுவேயன்றோ!

சாங்கிலியில் பிறந்த முதியவர் ஒருவர். காஞ்சியில் பிறந்த மாணவி ஒருவர். இருவரும் பிறந்த காலங்களுக்கு இடையே அரை நூற்றாண்டிற்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. முதியவர் இளைஞராய் இருந்த காலத்தில் அவர்க்கு வழிகாட்ட முன்னோர் எவரும் இந்நாட்டில் இல்லை, அவரே வழியானார். மாணவிக்கோ அவ்வழி முன்னரே வெட்டப்பட்டிருந்தது.

ஆடுகளத்தில் பெற்ற உரம் போர்க்களத்தில் காத்தது. போர்க்களத்தில் இழந்ததை மீண்டும் ஆடுகளமே ஈடு செய்தது. இரண்டிலும் பழகிய ஒழுங்கு தொழிற்களத்தில் வாழ்வளித்தது. பள்ளித் திடலில் காலையில் ஒரு மணி நேரம் பயில்பவர், தாம் பெறுவது பதக்கம் மட்டுமே என்று எண்ண வேண்டா. விழுந்தபின் எழும் பழக்கத்தை அங்கே அவர் சேர்த்து வைக்கின்றார். அச்சேமிப்பு என்றேனும் ஒரு நாள் தவறாது பயன் தரும்.